நல்லெண்ணெய் சாப்பாட்டில் சேராது

ஆஸ்பத்திரி ஊழியர் நலன்புரிச் சங்கம் மலர் போடுகிறதாம், ஓய்வுபெற்றவர்களும் எழுத வேண்டுமாம். கேட்டு வந்த பிள்ளை இப்போது ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டொக்டர்மாருடைய கட்டுரைகளுக்குப் பக்கத்தில் என்னுடையதும் அச்சாகிவிடுமே என்று மூன்று நாள் கவலைப்பட்டேன். நாலாம் நாள், அச்சாகாமல் விட்டுவிடுவார்களோ என்று கவலைப்படத் தொடங்கினேன். எப்படியும் கவலைப்படத்தான் போகிறேன், எழுதிவிட்டே படுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை போகும்போது இன்னொன்றும் சொன்னாள். இப்போது கொழுப்புப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இளம் ஆட்களாம். இருபத்திரண்டு வயது, இருபத்தைந்து வயது. குழாயை யந்திரத்துக்குள் வைத்தால் அது எண்களைக் கடதாசியில் துப்பிவிடுமாம்.

"முந்தி இளம் ஆக்களுக்கு இந்த வருத்தம் இல்லைத்தானே ஐயா?" என்று கேட்டாள்.

இல்லாமலா! துப்புவதற்கு யந்திரம் இல்லை, அவ்வளவுதான். யந்திரம் இல்லாமல் நான் வெறுங்கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் தீவுப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் சிற்றூழியனாய்ச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், யாராவது வழக்குப் போட்டாலும் போடுவார்கள். ஒரு வருடம் நோயாளர் வாட்டுகளைக் கூட்டிக் கழுவிய பிறகு ஆய்வுகூடத்துக்கு மாற்றினார்கள். பயிற்சி ஒரு கிழமை. முதல் நாள் குழாய் கழுவினேன். இரண்டாம் நாள் கழுவிய குழாயைத் திரும்பக் கழுவினேன். மிச்ச நாட்கள் உடைந்த குழாய்களுக்கு விளக்கம் சொல்வதில் போயின.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு அருளம்பலம் ஐயா. பரிசோதனை செய்கிறவர் அவர் ஒருவர், உதவிக்கு நான். ஆக மொத்தம் ஒன்றரை ஆள். மெலிந்த மனிதர், காது மடலில் மயிர், வெள்ளை மேலங்கியைத் தானே தோய்த்துத் தானே இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிப் போடுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதைதான் கூடும். சாதாரண நாளில் நான் அவருக்கு 'நீர்'. குழாயை உடைத்தால் 'நீங்கள்'. 'நீங்கள்' என்ற சத்தம் கேட்டாலே நான் விளக்குமாற்றைத் தேடுவேன். அதற்கு மேலும் ஒரு படி இருந்தது, 'தாங்கள்'. என் சேவைக்காலம் முழுவதும் அதை அவர் இரண்டே முறைதான் சொன்னார். இரண்டும் ஒரே பெடியனின் இரத்தத்தால் வந்தவை.

எங்கள் யந்திரம் கையால் சுற்றுவது. மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டி, கைபிடியைச் சுழற்றினால் மேலே குழாய்கள் பறக்கும். இரத்தம் உறைந்தபின் அப்படிச் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் போய் நிற்க, மேலே தேன் நிறத்தில் தெளிந்த நீர் மிதக்கும். அதுதான் சீரம். பரிசோதனையெல்லாம் அதில்தான். குழாய்களை எதிரும் புதிருமாய் ஒரே நிறையில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் மேசையே ஆடும். என்றாவது ஒருநாள் அது கழன்று பறந்து வந்து என் நெற்றியில் அடிக்கும் என்று ஏழு வருடம் எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. எதிர்பார்த்தபடியால்தான் அடிக்கவில்லை என்பது இன்றுவரை என் எண்ணம்.

சுற்றி முடிந்ததும் ஐயா குழாயை எடுத்து, மேசையில் விரித்திருக்கும் பேப்பரின் முன்னால் பிடிப்பார். சீரத்தினூடே எழுத்துத் தெரிந்தால் நல்ல சீரம். எழுத்து மங்கினால் ஏதோ கோளாறு. அதற்கென்றே மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்து வைத்திருப்பார். ஏன் ஐயா அந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டேன்.

"செத்தவன்ர பெயரைத்தான் பெரிய எழுத்தில போடுகினம். உயிரோட இருக்கிற உம்மையும் என்னையும் ஆர் போடப் போகினம்?"

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

சில பரிசோதனைகளுக்கு வெறுவயிற்றோடு வர வேண்டும். முதல் நாள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் தொடக்கூடாது. வெறுவயிற்றோடு வருகிறவர்கள் மயங்கி விழுவார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர், கடலில் புயலுக்குள் நின்று திரும்பியவர், கழுத்தில் வேளாங்கண்ணி மாதா படம், ஊசியைக் கண்டதும் சாய்ந்தார். அவர் சாய்ந்த இடத்தில் நான் நின்றேன். ஒரு கிழமை முதுகு நிமிர்த்த ஏலவில்லை. அதற்குப் பிறகு வரிசையில் நிற்கிறவர்களை நான் நோயாளிகளாய்ப் பார்க்கவில்லை, என் மேல் விழக்கூடிய பாரங்களாய்த்தான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு என் தங்கைமார் ஞாபகம் வந்தது. அவர்கள் பெரியபிள்ளையானபோது அம்மா விடியப்புறம் எழுப்பிப் பச்சை முட்டையை உடைத்து வாயில் விட்டு, அந்த முட்டைக்கோதாலேயே நல்லெண்ணெய் அளந்து மேலே விடுவார். தங்கைமார் இருவரும் இன்றுவரை மயங்கி விழுந்ததில்லை. மற்றவர்களை விழுத்தியிருக்கிறார்கள். சாப்பாடு என்றால் எங்கள் பக்கத்தில் சோறு, புட்டு, இடியப்பம், பாண். நல்லெண்ணெய் சாப்பாட்டில் சேராது, அது மருந்து. ஆகவே வெறுவயிறும் கெடாது, ஆளும் விழாது. ஐயாவுக்குத் தெரியாமல், நோயாளிகளோடு வந்த தாய்மாரை விறாந்தைக்கு அழைத்துக் காதோடு சொல்லத் தொடங்கினேன்.

இரண்டு வருடம் பிடிபடவில்லை. வெறுவயிற்றோடு வந்தவர்கள் அநேகமாய்ச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தவர்கள். முட்டைக்கும் நல்லெண்ணெய்க்கும் சர்க்கரை பெரிதாய் அசைந்து கொடுக்காது என்று பிறகுதான் அறிந்தேன். ஆட்கள் விழாமல் நின்றதை அப்போது என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு யோகன் வந்தான்.

கரம்பொன் பெடியன், வயது இருபத்துநாலு. தகப்பன் தெற்கே கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்துபோனது, குடும்பம் உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தது. தகப்பன் கொஞ்ச நாளில் திரும்பிப்போய் இன்னொருவருடைய கடையில் நின்றார். யோகனைத் தாய் மகேஸ்வரி அக்கா விடவில்லை. இளம் பெடியன், வழியில் யாராவது பிடித்துவிட்டால்? தெற்கே போகவும் பயம், பட்டணத்துக்குப் போகவும் பயம், சந்திக்குப் போகவும் பயம். ஆகவே அவனுக்கு இருந்த ஒரே உத்தியோகம் வீட்டில் பத்திரமாய் இருப்பது. பத்திரமாய் இருக்கிறவனுக்கு நாளைக்கு ஐந்து தரம் பசிக்கும். பிள்ளை சாப்பிடுகிற சத்தம் கேட்டால்தான் தாய்க்கு நெஞ்சு ஆறும். பயத்தில் நான் மெலிந்தேன், அவன் பருத்தான்.

காலில் ஆணி குத்திய புண்ணுக்கு மருந்து கட்ட வந்தான். புதிதாய் வந்திருந்த இளம் டொக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தார். முழங்கையில் குரக்கன் தானியம் தூவியதுபோல் மஞ்சள் மஞ்சளாய்ச் சிறு பருக்கள்.

"உதென்ன?"

"வேர்க்குரு டொக்டர்," என்றார் தாய். "வெக்கைக்குப் போடுறது."

"வேர்க்குரு மஞ்சளாய் வராது அம்மா. இரத்தத்தில கொழுப்புக் கூடினால் இப்பிடித் தோலிலையும் தள்ளும். இவரை நிறுத்துப் பார்க்க வேணும்."

எங்கள் தராசு நூறு கிலோவோடு மூச்சை விட்டுவிடும். யோகன் ஏறியதும் விட்டது. சங்கக்கடையில் மூடை நிறுக்கிற தராசுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். நானும் தாயும் யோகனுமாய் வெயிலில் நடந்தோம். மனேச்சர் அவனை ஏறச் சொல்லிவிட்டு, சீனி மூடைக்குக் கத்துகிற அதே தொண்டையில் கத்தினார்.

"நூற்றியெட்டு! அடுத்தது கொண்டுவா!"

சாமான் வாங்க நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யோகனுக்கு முகம் சிவந்தது. மகேஸ்வரி அக்கா கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"பிள்ளையாரே, உன்ர எண்ணல்லோ!"

அடுத்த நாள் காலை வெறுவயிற்றோடு வரச் சொல்லியிருந்தார் டொக்டர். தாய் என்னைப் பார்த்தார். "தம்பி, வெறுவயித்தில இரத்தம் எடுத்தால் பிள்ளை தாங்குவானோ?"

நான் யோகனைப் பார்த்தேன். நூற்றியெட்டுக் கிலோ. நான் ஐம்பத்திரண்டு. அது சாயும் திசையில் நான் நிற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"சாப்பாடு ஒண்டும் குடுக்காதையுங்கோ அக்கா. விடியப்புறம் ஒரு முட்டையும் முட்டைக்கோதால நல்லெண்ணெயும் விட்டால் காணும்."

"ஒரு முட்டையோ?"

"சாதாரண ஆளுக்கு ஒண்டு."

அவர் மகனை மேலிருந்து கீழாய் ஒருமுறை பார்த்தார். "அப்ப இவனுக்கு மூண்டு," என்றார்.

மறுநாள் காலை ஐயா ஊசியோடு நின்றார். "சாப்பிட்டனீரோ?"

"இல்லை ஐயா."

"தேத்தண்ணி?"

"பச்சைத்தண்ணிகூட இல்லை ஐயா," என்று தாய் முந்திக்கொண்டார். "நயினை அம்மாளாணை."

அது பொய்ச்சத்தியம் இல்லை. அவரும் நம்பினார், நானும் நம்பினேன், அம்மாளும் எங்கள் பக்கத்து ஆள் என்றபடியால் நம்பியிருப்பாள். யோகன் மயங்கவில்லை. எனக்குப் பெருமையாய் இருந்தது.

சுற்றி நிறுத்திக் குழாயை எடுத்தேன். சிவப்பு அடியில் நின்றது. மேலே நின்றது தேங்காயின் முதற்பால். அப்படியே வெள்ளை. கழுவிய சவர்க்காரம் போகவில்லையோ, வேறு யாருடைய குழாயோ, உலகம் அழியப் போகிறதோ என்று ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் யோசித்துவிட்டேன். ஐயா குழாயை வாங்கி மரண அறிவித்தலுக்கு முன்னால் பிடித்தார். எழுத்து என்ன, பேப்பரே தெரியவில்லை.

 கொஞ்சச் சீரத்தை வேறு குழாயில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தார். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தார். பால் காய்ச்சி ஆறவிட்டால் ஆடை படியுமே, அதுபோல மேலே தடிப்பாய் ஒரு படை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"செல்லத்துரை, அந்தப் பெடியன் சாப்பிடேல்லை எண்டது நிச்சயமோ?"

"நிச்சயம் ஐயா."

சொல்லும்போதே அந்த ஆடை எனக்கு எண்ணெய்போல் தெரியத் தொடங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. 'நீங்கள்' வந்துவிடும் என்ற பயம்.

திரும்ப இரத்தம் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். டொக்டர் அடுத்த செவ்வாய் வரச் சொன்னார். அதோடு நிற்காமல் தாயையும் மகனையும் இருத்தி வைத்துப் பேசினார். எண்ணெய் வேண்டாம், தேங்காய்ப்பால் வேண்டாம், இறைச்சி வேண்டாம், இரத்தம் இப்படி இருந்தால் வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அது அழன்று ஆள் முடிந்துபோகவும் கூடும் என்றார். மகேஸ்வரி அக்கா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடையும் போய், மனுசனும் தெற்கே போய், மிஞ்சியது இவன் ஒருவன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் எண்ணெயால் ஒரு குடும்பம் செத்தவீடு கொண்டாடுகிறது. ஐயாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரம்பொனுக்குப் போனேன். கோழைக்கும் ஒரு மனச்சாட்சி உண்டு, அது சுற்றுவழியால் போகும்.

"அக்கா, ஒரு சங்கதி. ஐயாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. அண்டைக்கு விடியப்புறம் குடுத்த நல்லெண்ணெய்தான் இரத்தத்தில அப்பிடித் தெரிஞ்சது."

"அப்ப என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லையோ?"

"எண்ணெய்தான் அக்கா."

எட்டாம் வகுப்புப் படித்தவன் சொன்ன நோய் நிர்ணயம் அது. டொக்டர் வருடக்கணக்காய்ப் படித்துவிட்டுச் சொன்னதைவிட இனித்தது. ஆகவே அதுவே உண்மையாகிவிட்டது. நான் சைக்கிளில் திரும்பி வரும்போது முதன்முறையாய் ஒரு பாட்டு முணுமுணுத்தேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு நூற்றியெட்டு மோதகம் அவித்தார்கள். எனக்கும் ஒரு பேணியில் வந்தது, நான் இரண்டு சாப்பிட்டேன். பிள்ளையார் எத்தனை சாப்பிட்டார் தெரியாது, மிச்சத்தை யோகன் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை கிடாய் அடித்தார்கள். சந்தோஷத்தில் முதற்பால் விட்டுக் காய்ச்சிய கறி.

திங்கள் காலை ஒரு வாடகைக் காரில் யோகனைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்குக் கீழே தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் நோவு. கட்டிலில் படுக்க ஏலாமல் முன்னுக்குக் குனிந்து இருந்தான். குமட்டி ஓங்காளிக்கிறான், வேர்த்துக் கொட்டுகிறது, ஆள் சாம்பல் நிறம். இரத்தம் எடுக்க ஐயாவும் நானும் போனோம். மகேஸ்வரி அக்கா என்னைக் கண்டதும் என் சேட்டுக் கொலரைப் பிடித்தார்.

"தம்பி, நீர்தானே சொன்னனீர் ஒண்டுமில்லையெண்டு! எண்ணெய்தான் எண்டு சொன்னனீர்!"

ஐயா ஊசியைக் கழற்றிக் குழாயை மூடி என்னிடம் தந்தார். ஆய்வுகூடத்துக்கு நடந்து வந்தோம். கதவைச் சாத்தினார்.

"செல்லத்துரை அவர்களே," என்றார் மெல்ல. "தாங்கள் அந்தத் தாயாருக்கு என்ன சொன்னீர்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்த மீன்பிடிகாரர், தங்கைமார், முட்டைக்கோது, இரண்டு வருடம், மூன்று முட்டை, கரம்பொன்.  வேலை போனது என்று தெரிந்தது. அது அப்போது ஒரு பொருட்டாய்ப் படவில்லை என்பதுதான் எனக்கே புதினமாய் இருந்தது. ஆள் செத்துப்போவான். மற்றது எல்லாம் பிறகு.

அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து யோகனின் பழைய குழாயை எடுத்தார். எறியாமல் வைத்திருந்தார்.

"பாரும். மேலே கிடக்கிற ஆடை, வாயால போன எண்ணெய். அது நீர் குடுப்பிச்சது. எண்ணெய் மட்டும் எண்டால் கீழே தெளிஞ்சிருக்க வேணும். தெளிஞ்சிருக்கோ?"

பார்த்தேன். ஆடைக்குக் கீழேயும் கலங்கிய வெள்ளைதான்.

"அது ஆர் குடுத்தது?"

குழாயை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன்.

"அது அந்தப் பெடியன்ர உடம்பு தானே காய்ச்சின பால். ரெண்டு கள்ளர். ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டு நீர் மற்றவனை விட்டிட்டீர்." பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார், மகேஸ்வரி அக்கா பிளாஸ்கோடு வாட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். "தாய் வயித்தெரிவு எண்டு ஏதும் பருக்கப் போகுது. ஓடும்! ஒண்டும் வாயில வைக்க விடாதையும், நான் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாறன்."

ஓடினேன். நான் திரும்ப 'நீர்' ஆகிவிட்டது பாதி வழியில்தான் உறைத்தது. வாட்டுக்குள் நுழையும்போது மகேஸ்வரி அக்கா பிளாஸ்கிலிருந்து ஒரு பேணி நிறைய ஆட்டுப்பால் ஊற்றி மகனின் வாயில் வைக்கப் போகிறார்.

"குடி ராசா, எரிவுக்குக் குளிர்த்தி."

வாயால் சொல்ல நேரமில்லை. தட்டிவிட்டேன். பேணி நிலத்தில் உருண்டு, பால் பக்கத்துக் கட்டில்காரரின் செருப்பில் ஊற்றியது. வாட்டே என்னைப் பார்த்தது. மகேஸ்வரி அக்கா கையை ஓங்கிவிட்டார். அடி விழ முந்தி டொக்டரும் ஐயாவும் வந்து சேர்ந்தார்கள்.

ஐயா கட்டிலருகே குனிந்தார். "யோகன், மூண்டு நாளாய் வாய்க்குள்ள போனது எல்லாம் சொல்லும். சாப்பாடோ இல்லையோ எண்டு பாக்காதையும். நாக்கில பட்டது எல்லாம்."

"இறைச்சி..."

"ம்."

"மோதகம்..."

"எத்தினை?"

"எண்ணேல்லை ஐயா... பேந்து கள்ளு."

"கள்ளோ!" தாய் அலறினார். "என்ர பிள்ளை குடிக்கிறேல்லை டொக்டர்!"

"அது குடியில்லை அம்மா," என்றான் யோகன், பல்லைக் கடித்துக்கொண்டு. "உடம்புச் சூட்டுக்கு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலியால வாங்கிறனான்."

தாயின் எண்ணெய் சாப்பாட்டில் சேராது, மகனின் கள்ளு குடியில் சேராது. ஒரே வீட்டுச் சட்டம். டொக்டர் தலையில் கைவைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, கணையம்தான், உடனே பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவரை ஒரு சொட்டும் வாயில் படக்கூடாது, நரம்பால் மட்டும் சேலைன் என்றார்.

அம்புலன்ஸில் கூடப் போக ஆள் தேவைப்பட்டது. ஐயா என்னைக் காட்டினார். "வாய்க்குக் காவல் நீர்," என்றார். அன்று கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் இல்லை, பண்ணைப் பாலத்தால் போகலாம் என்றார்கள். தாய் முன்னுக்குச் சாரதியோடு இருந்தார். நான் யோகனோடு பின்னுக்கு, சேட்டுப் பைக்குள் அவனுடைய புது இரத்தக் குழாய். பாலத்தில் ஏறும்போது எடுத்துப் பார்த்தேன். சுற்றாமலே பிரியத் தொடங்கியிருந்தது. அடியில் சிவப்பு, மேலே வெள்ளை.

"அண்ணை, நான் செத்துப்போவனோ?"

"இல்லை."

"நிச்சயமோ?"

நிச்சயம் என்ற சொல்லை வைத்து நான் அந்தக் கிழமை போதியளவு பாவம் செய்திருந்தேன். "நிச்சயம் எண்டு சொல்ல மாட்டன் யோகன்," என்றேன். "எனக்குப் பயமாக் கிடக்கு. ஆனால் நான் பயந்த காரியம் ஒண்டும் இதுவரைக்கும் நடந்ததில்லை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க நொந்தது. "அப்ப நல்லாப் பயப்பிடுங்கோ அண்ணை," என்றான்.

பயந்தேன். பாலத்தின் இரண்டு பக்கத்துக் கடலையும் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் சேர்த்து வைத்திருந்த பயம் முழுவதையும் அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் செலவழித்தேன்.

ஒன்பது நாள் அவன் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. தாய் வாட்டுக்கு வெளியே இருந்தார். முதல் நாள் சாப்பாட்டுக் கரியரோடு வந்து திருப்பிக் கொண்டு போனவர், மறுநாள் வெறுங்கையோடு வந்தார். அந்த வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். மூன்று கிழமையில் யோகன் ஊருக்கு வந்தான்.

எங்கள் டொக்டர் திரும்பவும் தாயை இருத்தினார். எண்ணெய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, கள்ளு இல்லவே இல்லை, நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது நடக்க வேண்டும்.

"வெளியில விட்டால் பிடிச்சுக்கொண்டு போவாங்கள் டொக்டர்."

"உள்ளுக்கு வைச்சிருந்தாலும் போவார் அம்மா."

 அடுத்த நாள் காலை யோகன் கோயிலடியிலிருந்து துறைவரைக்கும் நடந்தான். இருபது அடி பின்னால் தாய், குடையோடு. யாராவது பிடிக்க வந்தால் குடையால் அடிக்கலாம் என்ற திட்டமாக்கும். நாலைந்து மாதம் ஊர் இந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தது. தாயும் மெலிந்துபோனார்.

என்னை ஐயா காட்டிக் கொடுக்கவில்லை. தண்டனை மட்டும் தந்தார். வெறுவயிற்றோடு வருகிற ஒவ்வொருவரையும் இனி நான்தான் விசாரிக்க வேண்டும், 'சாப்பிட்டனீரோ' என்று கேட்கக் கூடாது. "விடிஞ்சதில இருந்து வாய்க்குள்ள என்னென்ன போனது? மருந்து, எண்ணெய், தீர்த்தம், வெத்திலை எல்லாம் சொல்லுங்கோ." கேட்கத் தொடங்கியபிறகுதான் தெரிந்தது, இந்தத் தீவில் ஒருவரும் ஒருநாளும் வெறுவயிற்றோடு வந்ததில்லை. மலர் கேட்ட பிள்ளைக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில்நுட்பம் இதுதான். யந்திரம் இந்தக் கேள்வியைக் கேட்காது.

ஐந்தாம் மாதம் யோகன் திரும்ப வந்தான். எங்கள் தராசே போதுமாயிருந்தது. தொண்ணூற்றொன்று. எந்தச் சாமிக்கும் உரிய எண் இல்லை என்று தாய்க்குக் கொஞ்சம் மனக்குறை. வாய் விசாரணை நடத்தினேன். தாய் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள என்ன அக்கா?"

"நல்லெண்ணெய்ப் போத்தல்தான் தம்பி. குடுக்கேல்லை. இரத்தம் எடுத்து முடியட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

இரத்தம் எடுத்தோம். யோகன் விழவில்லை. நான் யந்திரத்தைச் சுற்றினேன். அவ்வளவு கவனமாய் நான் ஒருநாளும் சுற்றியதில்லை. நிறுத்தியதும் ஐயா குழாயைத் தான் எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"நீர் வாசியும்."

எடுத்து மரண அறிவித்தலுக்கு முன்னால் பிடித்தேன். முழுத் தெளிவென்று சொல்ல மாட்டேன், விடியற்காலைப் பனிப்புகார் போல ஒரு மங்கல் இருந்தது. ஆனால் அதற்குள்ளால் எழுத்து வந்தது. ஒவ்வொன்றாய்க் கூட்டினேன். வெளியே யன்னலைப் பிடித்தபடி மகேஸ்வரி அக்கா கேட்டார்.

"தம்பி, என்ன தெரியுது?"

 என் வாழ்நாளில் எந்த அறிவித்தலையும் இவ்வளவு சந்தோஷமாய் வாசித்ததில்லை. உரக்கச் சொன்னேன்.

"காலமானார் அக்கா! காலமானார் எண்டு வடிவாத் தெரியுது!"

"ஐயோ என்ர பிள்ளை!" என்று ஒரு அலறல். யன்னலில் தலை இல்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்க, நிலத்தில் இருந்து தலையிலடித்து அழுகிறார். பக்கத்தில் யோகன், "அம்மா, நான் இங்கைதான் நிக்கிறன்" என்று தோளை உலுப்புகிறான்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "செல்லத்துரை அவர்களே, தாங்கள் ஒரு நல்ல செய்தியை ஒருக்காலாவது நல்ல மாதிரிச் சொல்லக் கூடாதோ?"

விளங்கப்படுத்தி, குழாயைக் காட்டி, அவரையும் எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தபிறகுதான் மகேஸ்வரி அக்கா எழும்பினார். கண்ணைத் துடைத்தார். கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தார்.

"அப்ப இப்ப குடுக்கலாமோ ஐயா?"

"அவருக்கு வேண்டாம்," என்றார் அருளம்பலம் ஐயா. "செல்லத்துரைக்குக் குடுங்கோ. மயங்கப் போறது இவர்தான்."

குடித்தேன். காலைச் சாப்பாடு முடிந்துதான் இருந்தது, ஆனால் அது சாப்பாட்டில் சேராதுதானே.